அனுமதிக் கடிதம் நியமனக் கடிதமாகாது: வெளிநாட்டுப் பட்டப்பின் படிப்பும் தொழில்வாய்ப்பும்

சிலாபம் கரையோரத்துக்குக் கடல் கடந்த பயணம் புதிதன்று. வென்னப்புவ, மாரவில பகுதிகளிலிருந்து இத்தாலிக்குச் சென்றோர் அனுப்பிய பணத்தில் எழுந்த வீடுகளைக் கொழும்பு - புத்தளம் வீதியில் பயணம் செய்யும் எவரும் இன்றும் காணலாம். சிலாபம், புத்தளம், கற்பிட்டி ஆகிய இடங்களிலுள்ள முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் அடுப்பு மத்திய கிழக்கு நாடுகளில் சிந்தப்பட்ட வியர்வையினால் எரிந்தது. 2012ஆம் ஆண்டளவில் இக்கரையிலிருந்து மீன்பிடிப் படகுகளில் ஏறி அவுஸ்திரேலியாவை நோக்கிச் சென்றோரும், பின்னைய ஆண்டுகளில் பிரான்ஸுக்குரிய ரீயூனியன் தீவை நோக்கிச் சென்றோரும் உண்டு. அவர்களுட் பலர் திருப்பியனுப்பப்பட்டு, படகுக்குக் கொடுத்த பணத்தையும் இழந்து வீடு திரும்பியதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இன்று அதே கரையிலிருந்து இன்னொரு பயணம் நடைபெறுகின்றது. இது சட்டபூர்வமானது, கௌரவமானது, கல்வியின் பெயரால் அமைந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்தியதும், ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் பெறுமதி சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியதும், பட்டம் பெற்ற இளைஞர் யுவதிகளின் மனத்தில் இந்நாட்டில் எதிர்காலம் உண்டா என்ற கேள்வியை எழுப்பின. அக்கேள்விக்குப் பலர் கண்ட விடை, வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றில் முதுமாணிப் பட்டம் பயில்வது என்பதாகும். தமிழ்க் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தென்னங்காணியை ஈடுவைத்தும், நகைகளை அடகு வைத்தும், உறவினரிடம் கைமாற்றுப் பெற்றும் பிள்ளைகளை அனுப்பி வைக்கின்றன.

இப்பயணத்தை நாம் குறைகூற வரவில்லை. கற்பதற்காகக் கடல் கடப்பது போற்றத்தக்கதே. ஆயினும் ஓர் உண்மையை வெளிப்படையாகக் கூறியாக வேண்டும். பிள்ளை படிப்பதற்காகச் செல்கிறது. குடும்பமோ தொழிலை எதிர்பார்த்து அனுப்புகிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அளந்து பார்ப்போர் மிகச் சிலரே. பல்கலைக்கழகம் அனுப்பும் அனுமதிக் கடிதம் தொழில் நியமனக் கடிதமன்று. ஆகவே, எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம் என்று தொடங்கும் கணக்கை, எந்தத் தொழில், எவ்வளவு காலத்தினுள் என்று மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்புவதாகும். அதற்கு வேண்டிய தகவல்களைக் கீழே தொகுத்துத் தருகின்றோம்.

சட்டம் தரும் கால அவகாசம்

பட்டம் முடிந்தபின் தொழில் தேடுவதற்கு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு கால எல்லையை வகுத்துள்ளது. அந்த எல்லைகள் நிலையானவை அல்ல. ஐக்கிய இராச்சியத்தின் வரலாறே இதற்குப் போதிய சான்றாகும். படிப்பின் பின் தொழில் புரிவதற்கு அங்கு இருந்துவந்த வீசா முறை 2012 ஏப்ரலில் மூடப்பட்டது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 2021 ஜூலை 1ஆம் திகதி பட்டதாரி வீசா என்ற பெயரில் புதிய முறை தொடங்கியது. அதன்படி முதுமாணிப் பட்டதாரிக்கு இரண்டு ஆண்டுகளும், கலாநிதிப் பட்டம் பெற்றவருக்கு மூன்று ஆண்டுகளும் கிடைத்தன. 2027 ஜனவரி 1ஆம் திகதி முதல் விண்ணப்பிக்கும் முதுமாணிப் பட்டதாரிக்கு இது 18 மாதங்களாகக் குறைக்கப்படும் என அறிவிக்கப்பட்டுள்ளது. அதாவது 2026 செப்டெம்பரில் ஓராண்டு முதுமாணி கற்கைநெறியைத் தொடங்கும் மாணவர் ஒருவர் 18 மாதங்களையே எதிர்பார்க்கலாம்.

பட்டதாரி வீசா ஒரு பாலமே அன்றி வீடன்று. அக்காலம் முடிவதற்குள், அரசின் அனுசரணை அனுமதிப்பத்திரம் பெற்ற தொழில்தருநர் ஒருவர் தேர்ச்சிபெற்ற தொழிலாளர் வீசாவுக்கு அனுசரணை வழங்க வேண்டும். 2025 ஜூலை 22ஆம் திகதி அந்த வீசாவுக்கான பொதுவான ஆண்டுச் சம்பள எல்லை 41,700 பவுணாக உயர்த்தப்பட்டது. படிப்பை முடித்துப் புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்குச் சலுகை எல்லையாக 33,400 பவுண் விதிக்கப்பட்டது. இவ்விரண்டும் அந்தந்தத் தொழிலுக்குரிய சம்பள விகிதத்துக்கும் உட்பட்டவை. அதே நாளில் தொழிலின் தரமும் பட்டதாரி மட்டத்துக்கு உயர்த்தப்பட்டதுடன், முதியோர் பராமரிப்புப் பணியாளர்களை வெளிநாடுகளிலிருந்து புதிதாக ஆட்சேர்ப்பதும் நிறுத்தப்பட்டது. “படிப்புச் சரிவராவிட்டால் பராமரிப்பு வேலைக்கு மாறிக்கொள்ளலாம்” என்று முன்னர் கூறப்பட்டு வந்த ஆறுதல் இனிப் பயன்படாது. மேலும், 2023 ஜூலையிலிருந்து கற்கைநெறியை முடிக்காமல் மாணவர் வீசாவிலிருந்து தொழில் வீசாவுக்கு மாறவும் முடியாது. 2024 ஜனவரி முதல் ஆய்வுப் பட்டங்களைப் பயில்வோர் தவிர்ந்த பெரும்பாலான மாணவர்கள் கணவனையோ மனைவியையோ பிள்ளைகளையோ உடன் அழைத்துச் செல்லவும் முடியாது. திருமணமானோர் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம்.

அவுஸ்திரேலியாவில் 485ஆம் இலக்கப் பட்டதாரி வீசா, கற்கைநெறி மூலமான முதுமாணிப் பட்டத்துக்கு இரண்டு ஆண்டுகளையும் கலாநிதிப் பட்டத்துக்கு மூன்று ஆண்டுகளையும் வழங்குகிறது. 2024 ஜூலை 1ஆம் திகதி முதல் அதற்கான வயதெல்லை 50இலிருந்து 35ஆகக் குறைக்கப்பட்டது. ஆய்வுமூல முதுமாணி, கலாநிதிப் பட்டம் ஆகியவற்றைப் பெற்றோருக்கு விதிவிலக்கு உண்டு. அரசாங்க உத்தியோகத்தில் சில ஆண்டுகளைக் கழித்த பின்னர் 34ஆவது வயதில் படிக்கச் செல்லும் ஒருவர், இரண்டாண்டுப் படிப்பை முடிக்கும்போது அவ்வீசாவுக்கு விண்ணப்பிக்கும் வயதைக் கடந்திருப்பார். மாணவர் வீசாக் கட்டணமும் 2024 ஜூலையில் 710 டொலரிலிருந்து 1,600 டொலராகவும், 2025 ஜூலையில் 2,000 டொலராகவும் உயர்ந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அப்பணம் திரும்புவதில்லை.

கனடாவில் குறைந்தது எட்டு மாத காலமுடைய முதுமாணிப் பட்டத்தை முடித்தோர், 2024 பெப்ரவரி முதல் மூன்று ஆண்டுத் தொழில் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். வாழ்நாளில் ஒரு முறை மட்டுமே பெறக்கூடிய அனுமதி இதுவாகும். ஒரு டிப்ளோமா படிப்பின்பின் அதனைப் பயன்படுத்திவிட்டு, பின்னர் முதுமாணிப் பட்டம் பெற்றாலும் மீண்டும் கிடைக்காது. 2024 நவம்பர் முதல் மொழிப் பரீட்சைப் பெறுபேறும் இதற்குக் கட்டாயமாக்கப்பட்டுள்ளது.

ஜேர்மனியில் பட்டம் முடித்தோர் 18 மாதங்கள் தங்கியிருந்து தொழில் தேடலாம். அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மாத்திரம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள மாணவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ அறவிடப்படுகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் போன்ற சிலவும் அண்மையில் கட்டணம் விதித்துள்ளன. கட்டணமின்மையைக் கண்டு மகிழ்வோர், அங்கு தொழிலின் வாயில் ஜேர்மன் மொழியே என்பதை மறக்கலாகாது. ஆங்கிலத்தில் முதுமாணிப் பட்டம் பெறலாம். ஆனால் நடுத்தரத் தொழிற்சாலையொன்றின் நேர்முகப் பரீட்சை ஆங்கிலத்தில் நடைபெறும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஜப்பானிலும் இதே நிலைதான். அங்கு பட்டம் முடிந்தபின் தொழில் தேட ஆறு மாதங்களும், நீடிப்புப் பெற்றால் ஓராண்டு வரையும் கிடைக்கும்.

பகுதிநேர உழைப்பு பற்றிய கணக்கு

“போய்ச் சேர்ந்தால் போதும், பகுதிநேர வேலை செய்து கட்டணத்தைக் கட்டிவிடலாம்” என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. இதனை எண்களால் சோதித்துப் பார்ப்போம். ஐக்கிய இராச்சியத்தில் பட்டப்படிப்பு மாணவர் ஒருவர் கல்விப் பருவத்தில் வாரத்துக்கு 20 மணித்தியாலங்கள் மட்டுமே வேலை செய்யலாம். 2025 ஏப்ரலில் 21 வயதும் அதற்கு மேலும் உடையோருக்கான ஆகக் குறைந்த ஊதியம் மணித்தியாலத்துக்கு 12.21 பவுணாக இருந்தது. அதன்படி வாரமொன்றுக்கு 244 பவுண். மாதமொன்றுக்கு ஏறத்தாழ 1,058 பவுண். அதே 2025 ஜனவரியில், இலண்டனுக்கு வெளியே வாழும் மாணவர் ஒருவருக்கு மாதமொன்றுக்கு 1,136 பவுண் தேவை என்று அந்நாட்டின் குடிவரவுத் திணைக்களமே நிர்ணயித்திருந்தது. இலண்டனில் 1,483 பவுண். ஊதியமும் வாழ்க்கைச் செலவும் அதன் பின்னர் கூடியிருப்பினும் இரண்டுக்கும் இடையிலான உறவு மாறவில்லை.

எனவே, அனுமதிக்கப்பட்ட மணித்தியாலங்கள் முழுவதும் தவறாது வேலை கிடைத்தாலும், அது உணவுக்கும் அறை வாடகைக்குமே போதாது. பல கற்கைநெறிகளில் 15,000 பவுணைத் தாண்டும் கல்விக் கட்டணத்தை அதிலிருந்து செலுத்துவது நடவாத காரியம். பவுண் ஒன்று 400 ரூபா என்று கொண்டால் அக்கட்டணம் மட்டும் 60 இலட்சம் ரூபாவாகும். இதைவிட, பட்டதாரி வீசாவுக்கு விண்ணப்பிக்கும்போது இன்னொரு செலவும் வருகிறது. 2025ஆம் ஆண்டில் விண்ணப்பக் கட்டணம் 880 பவுண்; இரண்டு ஆண்டுகளுக்கான சுகாதார மேலதிகக் கட்டணம் 2,070 பவுண்; ஆக 2,950 பவுணை ஒரே தடவையில் செலுத்த வேண்டியிருந்தது. படிப்பு முடிந்து கையில் பணமில்லாத நேரத்தில் வரும் இச்செலவைப் புறப்படும் முன் கணக்கில் சேர்த்த பெற்றோர் அரிது.

கணக்குப் பொருந்தாதபோது மாணவர் தவறான வழிகளுக்குத் தள்ளப்படுகின்றனர். 20 மணித்தியாலங்களுக்கு மேல் கையில் கூலி பெற்று உழைப்பதும், வேறொருவர் பெயரிலுள்ள கணக்கை வாடகைக்கு எடுத்து உணவு விநியோகம் செய்வதும் அவற்றுட் சில. மாணவர் வீசாவில் சுயதொழில் செய்வதற்கு அங்கு அனுமதி இல்லை. பிடிபட்டால் வீசா இரத்தாகும். எதிர்கால விண்ணப்பங்களும் பாதிக்கப்படும். பிடிபடாவிட்டாலும் இழப்பு உண்டு. இரவு முழுவதும் களஞ்சியசாலையில் பொதி கட்டிய பிள்ளை காலையில் விரிவுரை மண்டபத்தில் உறங்குகிறது. தொழில் தேடலுக்கென்று ஒதுக்க வேண்டிய மணித்தியாலங்களை அது அன்றாட வாடகைக்கு விற்றுவிடுகிறது. “ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்றனர் முன்னோர். ஓராண்டுக் கட்டணமும் வாழ்க்கைச் செலவும் கையில் உறுதியாக இல்லாத குடும்பம், அவை சேரும்வரை ஓராண்டு பொறுத்திருப்பது இழப்பன்று.

தொழில் தேடலின் நாட்காட்டி

நம் மாணவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்றுண்டு. முதலில் படிப்பை முடிப்போம், பின்னர் தொழில் தேடுவோம் என்பதே அது. நம் நாட்டு வழக்கத்துக்கு இது பொருந்தலாம். ஓராண்டு முதுமாணிக்கு இது பொருந்தாது. பிரித்தானியாவின் பெரிய நிறுவனங்கள் பல, அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில் சேர்க்கவிருக்கும் பட்டதாரிகளுக்கான விண்ணப்பங்களை முந்திய ஆண்டு செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே திறக்கின்றன. இடங்கள் நிரம்பியவுடன் மூடிவிடுகின்றன. அதாவது மாணவர் விமானத்தை விட்டு இறங்கி, அறை தேடி, குளிருக்குப் பழகிக்கொண்டிருக்கும் அதே வாரங்களில்தான் தொழிலின் கதவும் திறந்து மூடுகிறது. ஆய்வுக் கட்டுரையை ஒப்படைத்துவிட்டு மறு செப்டெம்பரில் தொழில் தேடத் தொடங்குபவர் ஏறத்தாழ ஓராண்டு பிந்திவிட்டார்.

ஆகையால் சுயவிபரக் கோவையைப் புறப்படும் முன் சிலாபத்திலேயே எழுதி முடிக்க வேண்டும். தமது துறையில் அனுசரணை வழங்கும் நிறுவனங்கள் எவை என்பதையும் இங்கிருந்தே அறியலாம். அனுசரணை அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியலைப் பிரித்தானிய அரசு யாவரும் பார்க்கக்கூடியவாறு இணையத்தில் வெளியிடுகிறது. பட்டியலில் இல்லாத நிறுவனம் எத்தனை அன்பாகப் பேசினாலும் வீசாவுக்கு உதவ முடியாது.

கட்டணத்துள் அடங்கிய உதவி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றிலும் தொழில் வழிகாட்டல் பிரிவு ஒன்று இருக்கிறது. சுயவிபரக் கோவையைத் திருத்திக் கொடுப்பது, மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்துவது, தொழில்தருநர்களை வளாகத்துக்கு அழைத்துவருவது, உள்ளகப் பயிற்சிக்கு இடம் தேடித் தருவது, பழைய மாணவர் ஒருவரை வழிகாட்டியாக இணைத்து வைப்பது ஆகியன அதன் பணிகள். பட்டம் பெற்ற பின்னரும் சில ஆண்டுகள் இவ்வுதவியைத் தொடரும் பல்கலைக்கழகங்கள் பல உள்ளன. சர்வதேச மாணவருக்கென வீசா விதிகளை அறிந்த தனி ஆலோசகரை நியமித்திருப்பனவும் உண்டு. இவற்றுக்கான செலவு, நம் பெற்றோர் செலுத்தும் கட்டணத்துள்ளேயே அடங்கியுள்ளது. தென்னங்காணியை ஈடுவைத்து வாங்கிய இவ்வுதவியைக் கேட்டுப் பெறாமல் விடுவது எவ்வகையில் நியாயம்?

நம் பிள்ளைகள் அப்பிரிவின் வாயிலை மிதிக்கத் தயங்குவதற்குக் காரணங்கள் உண்டு. உதவி கேட்பதை இயலாமையாகக் கருதும் மனப்பாங்கு ஒன்று. தமிழ்மொழி மூலம் கற்று, ஆங்கிலத்தை ஏட்டில் மாத்திரம் பழகியோருக்குப் பேசுவதில் ஏற்படும் கூச்சம் மற்றொன்று. மொழிப் பரீட்சையில் ஆறரைப் புள்ளி பெறுவது வேறு. தொலைபேசியில் வரும் நேர்முகப் பரீட்சைக்குத் தயக்கமின்றிப் பதிலளிப்பது வேறு. அத்துடன் நம்மவர் ஒரே வீட்டில் பலராகச் சேர்ந்து வாழ்ந்து, நம்மவருடன் மட்டுமே பேசி, நம்மவர் கடையிலேயே வேலை பார்ப்பதால் இக்கூச்சம் ஓராண்டு கடந்தும் நீங்குவதில்லை. வாடகையைப் பகிர்ந்துகொள்வதற்காகச் சேர்ந்து வாழ்வதில் பிழையில்லை. ஆனால் வாரத்தில் சில மணித்தியாலங்களாவது பல்கலைக்கழக நூலகத்திலோ மாணவர் சங்கத்திலோ வேலை செய்வோருக்கு, ஊதியத்தோடு மொழியும், தொழில்தருநரிடம் காட்டக்கூடிய சான்றும் கிடைக்கின்றன.

சமயக் கடமைகள் தொழில் தேடலுக்குத் தடையாகுமோ என்று முஸ்லிம் மாணவியரும் அவர்தம் பெற்றோரும் அஞ்சுவதுண்டு. ஐக்கிய இராச்சியத்தின் 2010ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம், சமயத்தின் காரணமாகத் தொழிலில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்கிறது. தலையை மறைக்கும் ஆடைக்காகவோ தொழுகைக்காகவோ விண்ணப்பிக்காமலேயே ஒதுங்கிவிடத் தேவையில்லை. பல பல்கலைக்கழகங்களில் தொழுகை அறைகளும், இந்து, இஸ்லாமிய, கிறிஸ்தவ மாணவர் மன்றங்களும் உள்ளன. முந்திய ஆண்டு மாணவர்களிடமிருந்து தொழில் பற்றிய நேர்மையான தகவலைப் பெறுவதற்கு அம்மன்றங்களைவிடச் சிறந்த இடம் அரிது.

முகவரிடம் கேட்க வேண்டியவை

மாணவரைச் சேர்த்துவிடும் கல்வி ஆலோசனை நிலையங்களில் நேர்மையாக இயங்குவன உண்டு. எனினும் அவற்றின் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதை அறிந்திருத்தல் நன்று. சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்காகவும் பல பல்கலைக்கழகங்கள் முகவருக்குத் தரகுப் பணம் வழங்குகின்றன. மாணவர் சேர்ந்தவுடன் முகவரின் வேலை முடிந்துவிடுகிறது. அவருக்குத் தொழில் கிடைத்ததா இல்லையா என்பது அக்கணக்கில் வராது. ஆகவே மாணவருக்கு ஏற்ற பல்கலைக்கழகமா, முகவருக்கு ஏற்ற பல்கலைக்கழகமா என்பதைக் குடும்பமே பிரித்தறிய வேண்டும்.

இலங்கையிலிருந்து தொழிலுக்கு ஆட்களை அனுப்புவோர், 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். மாணவர் சேர்ப்பு நிலையம் என்ற பெயர்ப் பலகையின் கீழ் “வேலையும் வாங்கித் தருகிறோம்” என்று பணம் கேட்போரிடம், அந்த அனுமதிப்பத்திரத்தைக் காட்டுமாறு கேட்பது பெற்றோரின் உரிமை. அத்துடன் பின்வரும் வினாக்களுக்கு எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். இக்கற்கைநெறியை முடித்தோர் எத்தகைய தொழில்களில் சேர்ந்துள்ளனர்? உள்ளகப் பயிற்சி கற்கைநெறியின் ஒரு பகுதியா, அல்லது மாணவரே தேடிக்கொள்ள வேண்டுமா? தொழில் வழிகாட்டல் பிரிவின் உதவி பட்டத்தின் பின் எவ்வளவு காலம் கிடைக்கும்? வீசா மறுக்கப்பட்டால் செலுத்திய பணத்தில் எவ்வளவு திரும்பும்?

முகவரின் விடையைச் சரிபார்க்கவும் வழியுண்டு. ஐக்கிய இராச்சியத்தில் பட்டம் முடித்து 15 மாதங்களின் பின்னரும், அவுஸ்திரேலியாவில் நான்கு முதல் ஆறு மாதங்களின் பின்னரும் பட்டதாரிகளின் தொழில் நிலை குறித்துக் கணிப்பீடு நடத்தப்பட்டு, முடிவுகள் வெளியிடப்படுகின்றன. கடைவீதியில் ஒட்டப்பட்ட சுவரொட்டியைவிட அவை நம்பத்தக்கவை.

கடனின்றிச் செல்லும் வழிகள்

தொழில்வாய்ப்பைப் பொறுத்தவரை புலமைப்பரிசில் பெற்றுச் செல்வோருக்கு இரட்டை நன்மை உண்டு. கடன்சுமை இல்லாததால் படிப்பிலும் தொழில் தேடலிலும் கவனம் செலுத்தலாம். புலமைப்பரிசிலின் பெயரே சுயவிபரக் கோவைக்கு வலுச்சேர்க்கும். பிரித்தானியாவின் செவ்னிங், பொதுநலவாயப் புலமைப்பரிசில்கள், ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ், அமெரிக்காவின் புல்பிறைட், ஜப்பானிய அரசின் புலமைப்பரிசில் ஆகியன அறியப்பட்டவை. இந்திய அரசு இலங்கை மாணவருக்கென வழங்கும் மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் பட்டப்பின் படிப்புக்குரியது. துருக்கி அரசின் புலமைப்பரிசில்கள் எல்லா நாட்டவருக்கும் திறந்துள்ளன. இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்புரிமை இல்லாத நாடுகளில் வாழும் முஸ்லிம் சமூகங்களின் மாணவருக்கும் உதவி வருகிறது. வட்டிக் கடனைத் தவிர்க்க விரும்பும் குடும்பங்கள் இவற்றை முதலில் நாடுவது பொருத்தம்.

இவற்றுட் சிலவற்றுக்கு நிபந்தனைகள் உண்டு. செவ்னிங் பெறுவோர் இரண்டு ஆண்டுக்கால தொழில் அனுபவம் உடையவராக இருத்தல் வேண்டும். படிப்பு முடிந்தபின் தாய்நாடு திரும்பி இரண்டு ஆண்டுகள் இருத்தலும் வேண்டும். பட்டம் பெற்ற கையோடு புறப்படுவதைவிட, உள்நாட்டில் இரண்டு ஆண்டுகள் தமது துறையில் வேலை பார்த்துவிட்டுச் செல்வது புலமைப்பரிசிலுக்கும் பின்னைய தொழிலுக்கும் நல்லது. அனுபவம் அற்ற முதுமாணியைவிட அனுபவம் உள்ள முதுமாணியையே தொழில்தருநர் எங்கும் விரும்புகின்றனர்.

திரும்பி வருவோரின் வழி

எல்லோரும் அங்கேயே தங்கிவிடப் போவதில்லை. திரும்பி வருதலைத் தோல்வியாகக் கருதும் நம் சமூகத்தின் பார்வை முதலில் மாற வேண்டும். அதேவேளை, திரும்பி வரும் பட்டத்துக்கு இங்கு என்ன மதிப்பு என்பதையும் புறப்படும் முன்னரே அறிய வேண்டும். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அங்கீகரிக்கப்பட்டதா என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் உறுதிப்படுத்திக்கொள்ளலாம். இலங்கைத் தகைமைகள் சட்டகம் கற்கைநெறி மூலமான முதுமாணியை 9ஆம் மட்டத்திலும், ஆய்வும் சேர்ந்த முதுமாணியை 10ஆம் மட்டத்திலும் வைக்கிறது. பல்கலைக்கழக விரிவுரையாளராக உயர விரும்புவோருக்கு ஆய்வுக் கூறும் கற்கைக் காலமும் முக்கியமானவை. ஓராண்டுப் பட்டத்தோடு திரும்பியபின் இதனை அறிந்து வருந்துவதில் பயனில்லை. பொறியியலாளருக்கு ஒரு சாதகம் உண்டு. பொறியியற் பட்டங்களைப் பரஸ்பரம் ஏற்கும் வொஷிங்டன் உடன்படிக்கையில் இலங்கை 2014ஆம் ஆண்டு முழு உறுப்புரிமை பெற்றது.

நம் பிரதேசமும் படித்தவருக்கு வேலையற்ற வெறுநிலம் அன்று. லுணுவிலவில் 1929ஆம் ஆண்டு தொடங்கிய தெங்கு ஆராய்ச்சி நிலையம் இன்றும் இயங்குகிறது. குளியாப்பிட்டியிலும் மாகந்துரவிலும் வயம்ப பல்கலைக்கழகம் அமைந்துள்ளது; மாகந்துரவில் விவசாயமும் மீன்வளமும் கற்பிக்கப்படுகின்றன. சிலாபம், முந்தல், புத்தளம் களப்புகளைச் சுற்றிப் பெருகிய இறால் பண்ணைகளை 1996ஆம் ஆண்டளவில் வெண்புள்ளி நோய் சீரழித்தபோது, அந்நோயை விளங்கிக்கொள்ளும் நிபுணர் இன்றி இப்பகுதி தவித்தது. தாய்லாந்தின் ஆசியத் தொழில்நுட்ப நிறுவகம், பெல்ஜியத்தின் கென்ட், நெதர்லாந்தின் வாஹனிங்கன், ஸ்கொட்லாந்தின் ஸ்டேர்லிங் ஆகிய உயர்கல்வி நிலையங்களில் நீருயிரினச் செய்கையில் முதுமாணிப் பட்டம் பெறலாம். சிலாபத்துப் பிள்ளையொன்று பொது முகாமைத்துவப் பட்டத்துக்காக ஆயிரம் பேருடன் போட்டியிடுவதைவிட, தான் பிறந்து வளர்ந்த களப்பையும் தென்னையையும் பற்றிய அறிவில் முதுமாணியாவது அங்கும் இங்கும் தொழிலைத் தரக்கூடியது. நுரைச்சோலை, மாம்புரிப் பகுதிகளில் எழுந்துள்ள காற்றாலைகள் புதுப்பிக்கத்தக்க சக்தித் துறைக்கும் இவ்வாறே அழைப்பு விடுக்கின்றன.

ஊர் செய்யக்கூடியது

தனிக் குடும்பத்தின் தோளில் மட்டும் இச்சுமையை ஏற்றிவிட முடியாது. சிலாபம், உடப்பு, முன்னேஸ்வரம், மாதம்பை, புத்தளம் ஆகிய இடங்களிலுள்ள தமிழ், முஸ்லிம் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் திரட்டும் நிதியில் ஒரு சிறு பங்கை இதற்கென ஒதுக்கலாம். வெளிநாட்டில் படித்துத் தொழில் பெற்றோரையும், படித்தும் தொழில் பெறாது திரும்பியோரையும் ஒரே மேடையில் அமர்த்தி, ஆண்டுக்கு ஒரு தடவையாவது உண்மையைப் பேசச் செய்யலாம். இரண்டாமவரின் அனுபவம் முதலாமவரின் அனுபவத்திலும் பயன் மிக்கது. ஆனால் கடன்பட்டுத் திரும்பியவர் வாய் திறப்பதில்லை. அவர் வெட்கமின்றிப் பேசுவதற்கு ஊர் இடமளிக்க வேண்டும். பள்ளிவாசல் நிருவாக சபைகளும் ஆலய பரிபாலன சபைகளும் தேவாலயங்களும் உதவிநிதி வழங்கும்போது, மாணவர் எங்கே சேர்ந்தார் என்பதோடு எத்தொழிலை நோக்கிச் சேர்கிறார் என்பதையும் கேட்டறிவது நன்று. பேச்சு ஆங்கிலத்துக்கும் மாதிரி நேர்முகப் பரீட்சைக்கும் வார இறுதி வகுப்பு நடத்துவதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் இருவரும் ஒரு வகுப்பறையும் போதும்.

அரசுக்கும் ஒரு கடமை உண்டு. தொழிலாளரை அனுப்பும் முகவரைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருப்பதுபோல், மாணவரை அனுப்பும் முகவருக்கும் பதிவும் கண்காணிப்பும் தேவை. படகுக்காரனுக்குக் கொடுத்த பணம் கடலில் போயிற்று என்று ஒரு காலத்தில் வருந்தினோம். இன்று வங்கி வழியாக, பற்றுச்சீட்டோடு செலுத்தப்படும் பணமும் அதே வகையில் கரைந்துவிடக் கூடாது.

பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. காணி உறுதியைக் கையளிக்கும் முன்னர், பிள்ளையை அருகில் அமர்த்தி, “பட்டம் முடிந்து பதினெட்டாவது மாதத்தில் நீ எங்கே, என்ன வேலையில் இருப்பாய்?” என்று கேளுங்கள். தெளிவான விடை வந்தால் மகிழ்ச்சியோடு வழியனுப்பி வையுங்கள். விடை வராவிட்டால் கோபிக்க வேண்டாம். அவ்விடையைத் தேடுவதற்கு ஓராண்டு அவகாசம் கொடுங்கள். ஈட்டுக்குப் போன தென்னங்காணியை மீட்பதற்கு ஆகும் காலத்தோடு ஒப்பிட்டால் அந்த ஓராண்டு மிகச் சிறியது.